வீதியின் இடது ஓரம் யாருக்கு?

குச்சவெளிக்கு அண்மையில், திருகோணமலை–புல்மோட்டை வீதியோரமாக, மாலை ஐந்தரை மணியளவில் சற்று நேரம் நின்று பாருங்கள். வயலிலிருந்து திரும்பும் ஒருவரின் சைக்கிள் பாரோடு மண்வெட்டி சேர்த்துக் கட்டப்பட்டிருக்கும். கரியரில் மாட்டுக்குப் புல்லுக்கட்டு. அவருக்குப் பின்னால் ஒரு தாய். கரியரில் பிள்ளை, ஹான்டிலில் புத்தகப்பை. ரியூசன் முடிந்து சோடி சோடியாகக் கதைத்துக்கொண்டு வரும் மாணவர்கள். விறகுக்கட்டோடு சைக்கிளை உருட்டிக்கொண்டு வரும் ஒரு முதியவர். ஏறி ஓட அவருக்கு இனி இயலாது. இவர்களுக்கு நடுவே நிலாவெளி ஹோட்டல்களுக்குப் போகும் வான், ஐஸ் நீர் சொட்டச் சொட்ட ஓடும் மீன் லொறி, புல்மோட்டையிலிருந்து கனிம மணல் ஏற்றிவரும் பாரவூர்தி, அன்றைய கடைசி ஓட்டத்தை முடிக்க அவசரப்படும் பஸ். பின்னால் ஹோர்ன் சத்தம் கேட்டதும் சைக்கிள் தார் விளிம்பிலிருந்து மணலுக்குள் இறங்குகிறது. வாகனம் போனதும் மறுபடி ஏறுகிறது. ஒரே ஆள் எத்தனை தடவை இறங்கி ஏறுகிறார் என்று எண்ணத் தொடங்கினோம். இடையில் எண்ணிக்கை தவறிவிட்டது.

அந்த இறக்கத்தையும் ஏற்றத்தையும் பற்றித்தான் இம்முறை எழுதுகிறோம். விதை, பசளை, கிணறு, கடன் என்று பேசி வரும் பக்கங்களில் வீதியைப் பற்றி என்ன கதை என்று சிலர் கேட்கக்கூடும். நெல்மூட்டை வயலிலிருந்து வீடு வந்து சேர்ந்தால்தான் அது விளைச்சல். அதைக் கொண்டுவருபவர் கால் முறிந்து ஆறு மாதம் படுத்துவிட்டால் அந்தப் போகமும் போகும், அடுத்த போகமும் போகும். இடம்பெயர்ந்து திரும்பிய குடும்பங்கள் பலவற்றில் உழைக்கும் கை ஒன்றுதான். அதுவும் பல வீடுகளில் ஒரு பெண்ணின் கை.

வேகம் வந்த கதை

இக்கரையோர மக்களுக்கும் சைக்கிளுக்கும் உள்ள உறவு சாதாரணமானதல்ல. 1984 டிசம்பரில் தென்னமரவடி மக்கள் ஊரை விட்டு ஓடினார்கள். 1985இல் திரியாய் எரிந்தது. 1990 ஜூனில் மீண்டும் போர் மூண்டபோது கரையோரக் கிராமங்கள் பல வெறிச்சோடின. சிலர் அலஸ்தோட்டம் முகாமில், சிலர் வன்னியில், சிலர் கடல் கடந்து தமிழ்நாட்டு முகாம்களில் என்று ஆண்டுகள் கழிந்தன. அந்த ஓட்டங்களில் பெட்டியும் படுக்கையும் குழந்தையும் ஏறிய வண்டி சைக்கிள்தான். எரிபொருளுக்கும் பற்றரிக்கும் தடை இருந்த காலத்தில், சைக்கிளைக் கவிழ்த்து வைத்து டைனமோவைச் சுற்றி வானொலிச் செய்தி கேட்டவர்கள் இன்றும் எம் வாசகர்களிடையே இருக்கிறார்கள்.

அக்காலத்தில் வீதி குண்டும் குழியுமாக இருந்தது. இடையிடையே சோதனைச் சாவடிகள், பீப்பாக்கள், மண்மூட்டைகள். லொறியும் நின்றது, காரும் நின்றது, சைக்கிளும் நின்றது. எவரும் வேகமாக ஓட முடியாத வீதி அது. அந்தச் சாவடிகள் திரும்பி வர வேண்டும் என்று எவரும் கனவிலும் நினைக்கமாட்டார்கள், நாமும் நினைக்கவில்லை. ஆனால் ஒன்றைச் சொல்லத்தான் வேண்டும். எமது மக்கள் சைக்கிள் ஓடப் பழகியது அந்த மெதுவான வீதியில்தான்.

2009இல் போர் முடிந்தது. வீதி அகலமாகி, காபட் போடப்பட்டது. இறக்கக்கண்டியில் நீளமான புதுப்பாலம் வந்தது. பிரசவ வலியோடு திருகோணமலைக்குப் போக வேண்டிய தாய்க்கு அந்த வீதி பெரிய உதவி. மீனும் மரக்கறியும் பழுதாகாமல் சந்தைக்குப் போகின்றன. இதையெல்லாம் குறை சொல்ல யாருக்கும் மனம் வராது. ஆயினும் இருபது, இருபத்தைந்து ஆண்டுகள் கழித்து ஊர் திரும்பிய குடும்பம், தான் விட்டுச் சென்ற அந்த வீதிக்குத் திரும்பவில்லை. பெயர் பழையது, வேகம் புதியது. வேகத்துக்கு ஏற்ற வீதி போட்டவர்கள், அதே வீதியில் சைக்கிளும் ஓடும் என்பதை எவ்வளவு தூரம் கணக்கில் எடுத்தார்கள் என்பதே எமது கேள்வி.

இன்னொரு காரணமும் உண்டு. 2004 டிசம்பர் 26ஆம் திகதி கடல்கோளுக்குப் பின்னர், வடக்கு கிழக்கில் கடலிலிருந்து 200 மீற்றருக்குள் வீடு கட்டக்கூடாது என்று அரசு முதலில் அறிவித்தது. பின்னர் அது தளர்த்தப்பட்டாலும், அதற்கிடையில் பல குடும்பங்கள் கரையை விட்டு உள்ளே நகர்ந்துவிட்டன. கரையோர வீதி உள்ள ஊர்களில் இதன் விளைவு எளிது. வீடு வீதிக்கு ஒரு பக்கம், தொழில் மறுபக்கம். கடலுக்குப் போனாலும் வயலுக்குப் போனாலும் இவ்வீதியைக் கடக்கவேண்டும், அல்லது இதன் ஓரமாகச் சில கிலோமீற்றர் ஓடவேண்டும்.

அளந்து பார்த்தால்

இதைக் கோபத்தோடு பேசுவதிலும் அளவுகோலோடு பேசுவது நல்லது. இருவழி வீதியில் ஒரு பக்கத்து அகலத்தைச் சாதாரணமாக 3.5 மீற்றர் என்று வைத்துக்கொள்வோம். ஒரு பஸ்ஸின் அகலம் 2.5 மீற்றர். சைக்கிளின் ஹான்டில் இரண்டடி அகலம். கரியரில் புல்லுக்கட்டோ விறகோ குறுக்காக இருந்தால் ஒரு மீற்றரைத் தாண்டும். சைக்கிள் நேர்கோட்டில் ஓடுவதில்லை. பாரம் ஏற ஏற இரு பக்கமும் ஆடும். அதைக் கடந்து போகும் வாகனம் குறைந்தது ஒரு மீற்றராவது விலகிப் போகவேண்டும். 2.5, 1, 1. கூட்டினால் 4.5 மீற்றர். இருப்பதோ 3.5. எதிரே வாகனம் வராத வேளையில் பஸ் வலப்பக்கம் விலகிப் போகலாம். எதிரே இன்னொரு வாகனம் வந்தால் குறையும் அந்த ஒரு மீற்றர் யாருடையது? தாமதித்து நிற்கும் சாரதிகளும் இருக்கிறார்கள், அவர்களை வாழ்த்துவோம். பெரும்பாலும் அந்த ஒரு மீற்றரைக் கொடுப்பது சைக்கிள்காரர். மணலுக்குள் இறங்கியே கொடுக்கிறார்.

ஜேர்மனியில் 2020இலிருந்து, சைக்கிளைக் கடக்கும் மோட்டார் வாகனம் ஊருக்குள் 1.5 மீற்றரும் ஊருக்கு வெளியே 2 மீற்றரும் விலகிப் போகவேண்டும் என்று சட்டத்திலேயே எழுதியிருக்கிறார்கள். பிரான்சில் ஊருக்குள் ஒரு மீற்றர், வெளியே ஒன்றரை. இடம் இல்லாவிட்டால் பின்னால் காத்திருக்க வேண்டும் என்பதே இதன் பொருள்.

இனி அந்த விளிம்பைப் பாருங்கள். காபட் போடும்போது தார் மட்டம் உயர்கிறது. ஓரத்தில் கொட்டிய கிறவலை மாரி மழை அரித்துக்கொண்டு போகிறது. ஒவ்வொரு ஐப்பசி, கார்த்திகைக்கும் தார் விளிம்புக்கும் மண்ணுக்கும் இடையிலுள்ள படி சற்று ஆழமாகிறது. மூன்று அங்குலம், நான்கு அங்குலம். காருக்கு அது ஒன்றுமில்லை. சைக்கிளுக்கு அது பொறி. இறங்கிய சைக்கிள் மறுபடி ஏறப் பார்க்கும்போது முன்சில்லு விளிம்போடு சாய்வாக உரசுகிறது. ஏறாமல் விளிம்பை ஒட்டியே இழுபடுகிறது. ஹான்டில் திரும்ப மறுக்கிறது. ஆள் வலப்பக்கமாக, அதாவது வீதிக்குள் விழுகிறார். பின்னால் வருவது மோட்டார் சைக்கிளாக இருந்தால் உயிர் தப்பலாம்.

ஆகவே மணலுக்குள் இறங்க நேர்ந்தால், ஓடிக்கொண்டே மீண்டும் ஏற வேண்டாம். நிறுத்தி இறங்கி, பின்னால் பார்த்து, முன்சில்லைத் தூக்கி வைத்து ஏறுங்கள். அரை நிமிடம் போகும். பாரத்தோடு இப்படி இறங்கி ஏறுவது எவ்வளவு சலிப்பான வேலை என்று எமக்குத் தெரியாமல் எழுதவில்லை.

காற்றைப் பற்றி வீதி எந்திரிகள் அதிகம் பேசுவதில்லை. இங்கு ஓடுபவர்களுக்கு அது தெரியும். திருகோணமலையிலிருந்து குச்சவெளி நோக்கி வீதி வடமேற்காகப் போகிறது. வைகாசி தொடங்கி ஆவணி வரை கச்சான் காற்று மேற்கிலிருந்தும் தென்மேற்கிலிருந்தும் குறுக்கே அடிக்கும். குச்சவெளிப் பக்கம் ஓடுபவருக்கு அது இடப்பக்கத்திலிருந்து வந்து அவரை வீதி நடுவை நோக்கித் தள்ளும். பெரிய லொறி ஒன்று கடக்கும் கணத்தில் காற்றின் போக்கு குழம்பி, லொறி போனதும் திடீரென்று மாறி அடிக்கும். அந்த நொடியில் சைக்கிள் ஒரு முழம் ஆடிப்போகும். மாரியில் வாடைக்காற்று, அப்போது எதிர்ப்பக்கம் போகிறவருக்கு இதே கதை. புல்லுக்கட்டு, சாக்கு, விரித்த குடை எல்லாம் காற்றுக்குப் பாய்மரம். காற்று நாளில் கட்டைச் சிறிதாகவும் தாழ்வாகவும் கட்டுவது நல்லது. குடை பிடித்துக்கொண்டு ஒரு கையால் ஓடுவதை அறவே விடுங்கள்.

வெயிலும் சேர்ந்துகொள்கிறது. மாலையில் குச்சவெளி நோக்கி வரும் சாரதியின் முன்கண்ணாடியில், இடப்பக்கமாகச் சூரியன் தாழ்ந்து நிற்கும். அவர் கண் கூசும் அதே பக்கத்தில்தான் நாம் ஓடுகிறோம். வயல் வேலை முடிந்து எல்லோரும் வீடு திரும்பும் நேரமும் அதுவே. அவர் எம்மைக் கண்டிருப்பார் என்று நாம் நினைக்கிறோம். பல வேளைகளில் அவர் காண்பதில்லை.

இரவும் டைனமோவும்

60 கிலோமீற்றர் வேகத்தில் வரும் வாகனம் ஒரு நொடியில் ஏறத்தாழ 17 மீற்றர் ஓடிவிடும். சாரதி கண்டு, கால் பிரேக்கை மிதித்து, வண்டி நிற்பதற்குள் 40 மீற்றரளவு போய்விடும். வீதி நனைந்திருந்தால், பாரம் ஏற்றிய லொறியாக இருந்தால் இன்னும் கூடும். கறுப்பு உடுப்போடு, வெளிச்சமில்லாத சைக்கிளில் போகும் ஒருவரைத் தாழ்த்திய முன்விளக்கில் சாரதி காண்பது பெரும்பாலும் 30, 40 மீற்றருக்குள்தான். எனவே நல்ல சாரதியாக இருந்தாலும், கண்ட பின்னர் நிறுத்துவதற்கு அவருக்கு இடம் இல்லை. அதே வாகனம் 30 கிலோமீற்றர் வேகத்தில் வந்தால் 13, 14 மீற்றரில் நின்றுவிடும்.

பின் மட்காட்டில் ஒரு சிவப்பு பிரதிபலிப்பான், அதாவது வெளிச்சம் பட்டால் மின்னும் வில்லை, நூறு மீற்றருக்கு அப்பாலேயே தெரியும். சைக்கிள் கடைகளில் விலை குறைந்த சாமான்களில் அதுவும் ஒன்று. புதுச் சைக்கிள்களில் அது பொருத்தியே வரும்; முதலில் உடைவதும் அதுதான், திரும்பப் போடாமல் விடுவதும் அதைத்தான். எமது முற்றத்தில் ஒரு நாள் வந்து நின்ற சைக்கிள்களைப் பின்பக்கமாக நடந்து பார்த்தோம். எமது சைக்கிளிலும் அது இல்லை.

டைனமோ லைற் பற்றியும் ஒரு வார்த்தை. சில்லு சுற்றும்வரைதான் டைனமோ எரியும். நின்றால் இருட்டு. வலப்பக்க ஒழுங்கைக்குத் திரும்புவதற்காக வீதி நடுவில் ஒரு கால் ஊன்றி நிற்கிறீர்கள்; வெளிச்சம் மிக அவசியமான அந்த இடத்தில் உங்களிடம் வெளிச்சம் இல்லை. ஆகையால் நடு வீதியில் நிற்கும் பழக்கத்தை விடுங்கள். இடது ஓரத்திலேயே இறங்கி, இரு பக்கமும் வெறுமையான பின்னர் உருட்டிக்கொண்டு கடவுங்கள். பகலிலும் இதுவே நல்லது. கரியரில் மூட்டை உயர்ந்திருந்தால் பின்னால் திரும்பிப் பார்க்க முடியாது. பார்க்க முயன்றால் ஹான்டில் தானாகவே வலப்பக்கம் இழுபடும்.

பிள்ளையின் குதிக்கால்

வாகனம் மோதாமலும் விபத்து நடக்கிறது. கரியரில் இருக்கும் பிள்ளையின் கால் பின்சில்லுக் கம்பிகளுக்குள் போய் குதிக்கால் கிழிவது கிராமத்து ஆஸ்பத்திரிகளுக்குப் பழக்கமான காயம். தோல் போய், எலும்பு தெரிய, வாரக்கணக்கில் ஆறாத புண். சேலைத் தலைப்பும் பாவாடையும் இதே கம்பிகளில் சுற்றிப் பெண்களை விழுத்தும். பின்சில்லின் இரு பக்கமும் வலைக்கம்பியோ தகடோ அடித்து, பிள்ளை கால் வைக்க இரண்டு மிதி பொருத்தினால் இது அநேகமாக நின்றுவிடும். பழைய பிளாஸ்ரிக் கூடையை வெட்டிக் கம்பியால் கட்டினாலும் போதும்.

பெண்களைப் பற்றிப் பேசும்போது புதுக்கோட்டை நினைவுக்கு வருகிறது. 1990களின் தொடக்கத்தில், தமிழ்நாட்டின் அந்த வறண்ட மாவட்டத்தில், அறிவொளி இயக்கம் எழுத்தறிவோடு சைக்கிளையும் கிராமத்துப் பெண்களுக்குக் கற்றுக்கொடுத்தது. அப்போதைய மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் அதற்கு ஊக்கமளித்தார். பல்லாயிரம் பெண்கள் ஓடப் பழகினார்கள். கல்லுடைப்பவர்களும் வயல் வேலைக்காரிகளும் தண்ணீர்க் குடத்தோடும் பிள்ளையோடும் தாமே போய்வரத் தொடங்கினார்கள். எமது ஊர்களில் அந்தப் பாடத்தைப் போர் கற்பித்தது. கணவன் இல்லாத வீட்டில் சந்தைக்கும் பள்ளிக்கும் ஆஸ்பத்திரிக்கும் பெண் சைக்கிள் மிதித்தாள், இன்றும் மிதிக்கிறாள். வீதி ஓரம் பாதுகாப்பில்லை என்றால் முதலில் வீட்டில் நிறுத்தப்படுவது அவளும் அவள் மகளும்தான். "வீதி கூடாது, ரியூசனுக்குப் போகவேண்டாம்" என்ற முடிவு பெண்பிள்ளைக்குத்தான் முதலில் வருகிறது.

எம்மிலும் பிழை உண்டு

சாரதிகளை மட்டும் குறை சொல்லி முடித்துவிடலாம், அது நேர்மையாகாது. அறுவடை முடிந்ததும் தார் வீதியில் நெல்லைப் பரப்பிக் காயவைக்கிறோம். களம் இல்லாத குறை எமக்குத் தெரியும். ஆனால் நாம் பரப்பும் இடம் வீதியின் ஓரம். அந்த ஓரம் சைக்கிள்காரனின் இடம். நெல்லைக் காக்க வைக்கும் கல்லும் கட்டையும் இரவிலும் அங்கேயே கிடக்கின்றன. ஒரு விவசாயியின் நெல் இன்னொரு விவசாயியை நடு வீதிக்குத் தள்ளுகிறது. ஊருக்கு ஒரு பொதுக்களம் என்ற கோரிக்கையைக் கமக்காரர் அமைப்புகள் கமநல சேவை நிலையத்தில் முன்வைக்கும்போது, விலையோடும் ஈரப்பதனோடும் இந்தக் காரணத்தையும் சேர்த்துச் சொல்லலாம்.

மாரி இரவுகளில் மாடுகள் வந்து சூடு தங்கிய தாரில் படுத்துக் கிடக்கின்றன. பின்விளக்கு இல்லாத லான்ட்மாஸ்டர் பெட்டி, இருட்டில் வீதியை அடைத்துக்கொண்டு ஊர்கிறது. மூன்று பையன்கள் தோளோடு தோள் சேர்ந்து மூன்று சைக்கிளில் வருகிறார்கள். ஒருவன் காதில் பாட்டு. இன்னும் சில பிள்ளைகள் வலப்பக்கமாக, வாகனத்துக்கு எதிர்முகமாக ஓடுகிறார்கள். இதில் ஒரு குழப்பம் இருக்கிறது. நடைபாதை இல்லாத வீதியில் நடப்பவர் வலப்பக்கமாக, வரும் வாகனத்தைப் பார்த்தபடி நடக்கவேண்டும் என்று பள்ளியில் சொல்கிறார்கள், அது சரி. சைக்கிளுக்கு அது பொருந்தாது. சைக்கிளும் ஒரு வண்டி, இடப்பக்கமே ஓடவேண்டும். எதிர்ப்பக்கம் ஓடினால் இரு வேகமும் கூடி மோதும். ஒழுங்கையிலிருந்து வீதிக்கு ஏறும் சாரதியும் அந்தத் திசையில் சைக்கிளை எதிர்பார்க்கமாட்டார்.

எங்கே கேட்பது, எதைக் கேட்பது

இவ்வளவையும் சரியாகச் செய்யும் சைக்கிள்காரருக்கும் அந்த 3.5 மீற்றர் 4.5 ஆகிவிடாது. அது வீதியைப் போடுபவர் செய்யவேண்டியது. இங்குதான் எமது சங்கங்கள் பல தவறான கதவைத் தட்டுகின்றன. திருகோணமலை–புல்மோட்டை வீதி பி தர வீதி, இலக்கம் பி 424. ஏ, பி தர வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்குச் சொந்தம். பிரதேச சபையில் மனுக் கொடுத்துவிட்டு மாதக்கணக்கில் காத்திருப்பதில் பயன் இல்லை. உள்ளூர் ஒழுங்கைகளும் சிறு வீதிகளுமே அதன் பொறுப்பு. சி, டி தர வீதிகள் மாகாண வீதி அபிவிருத்தித் திணைக்களத்துடையவை. ஆகவே மனு வீதி அபிவிருத்தி அதிகார சபையின் திருகோணமலை நிறைவேற்றுப் பொறியியலாளருக்குப் போகவேண்டும். பிரதி ஒன்று பிரதேச செயலாளருக்கு, ஒன்று பொலிஸ் நிலையப் பொறுப்பதிகாரிக்கு. பிரதேச ஒருங்கிணைப்புக் குழுக் கூட்டத்தில் அதை எடுக்கும்படி கேளுங்கள். அங்கு எழுதப்படும் குறிப்புக்கு வலு உண்டு.

"வீதி ஆபத்தாக உள்ளது, ஆவன செய்யவும்" என்று எழுதினால் எவராலும் ஒன்றும் செய்ய முடியாது. அளந்து எழுதுங்கள். எந்தக் கிலோமீற்றர் கல்லுக்கும் எந்த மதகுக்கும் இடையில், எந்தப் பக்கத்தில், தார் விளிம்பு எத்தனை அங்குலம் உயர்ந்து நிற்கிறது? காலையில் பள்ளி நேரத்தில் எத்தனை சைக்கிள் போகிறது? ஒரு மணி நேரம் இரண்டு மாணவர்கள் கொப்பியோடு இருந்தால் இந்தக் கணக்கு வந்துவிடும். வாகனம் எண்ணும் கணக்கெடுப்புகளில் சைக்கிளுக்குக் குரல் குறைவு; அதை நாமே எண்ணிக் கொடுத்தால் மறுப்பது கடினம்.

கேட்க வேண்டியவற்றில் முதலாவது மலிவானது: அரித்துப்போன விளிம்பைக் கிறவல் போட்டு இறுக்கி, தார் மட்டத்துக்குக் கொண்டுவருவது, ஒவ்வொரு மாரிக்குப் பின்னரும். அடுத்து, பள்ளி, ஆஸ்பத்திரி, சந்தை உள்ள பகுதிகளிலாவது தார் போட்ட ஓரம், ஒன்றரை மீற்றர் அகலத்தில், வெள்ளைக்கோட்டால் பிரித்து. பின்னர் வேகம். ஊர்ப்பகுதிகளில் கார்களுக்குச் சட்டப்படியான எல்லை 50 கிலோமீற்றர். சைக்கிளும் நடப்பவரும் வாகனத்தோடு கலக்கும் இடங்களில் 30தான் எல்லையாக இருக்கவேண்டும் என்று, 2020 பெப்ரவரியில் ஸ்ரொக்ஹோமில் கூடிய உலக வீதிப் பாதுகாப்பு மாநாடு கேட்டது. பலகை நட்டால் மட்டும் வேகம் குறையாது. பள்ளி வாசலுக்கு இருபுறமும் வேகத்தடையும், அதை இரவில் காட்டும் வர்ணமும் வேண்டும். வேகத்தடை போட்டால் பஸ்காரர் ஏசுவார், நோயாளர் வண்டி குலுங்கும் என்பார்கள். குலுங்கும்தான்.

இது ஏழை நாட்டுப் பேச்சு என்று நினைக்கவேண்டாம். சைக்கிளுக்குப் பேர்போன நெதர்லாந்திலும் ஒரு காலத்தில் கார்களே வீதியை ஆண்டன. 1971இல் அந்தச் சிறு நாட்டின் வீதிகளில் 3000க்கு மேற்பட்டோர் இறந்தனர். அவர்களில் 400க்கு மேற்பட்டோர் சிறுவர்கள். பெற்றோர் வீதியில் இறங்கிப் போராடினார்கள். இன்று அங்கு காணும் தனிச் சைக்கிள் பாதைகளுக்கு அந்தப் போராட்டமும் ஒரு தொடக்கம். இலங்கையில் இன்றும் ஆண்டுதோறும் 2000க்கு மேற்பட்டோர் வீதியில் சாகிறார்கள். உலகம் முழுவதும் 2021இல் ஏறத்தாழ 11 இலட்சத்து 90 ஆயிரம் பேர். அதில் பாதிக்கு மேல் நடந்தவர்கள், சைக்கிள்காரர்கள், மோட்டார் சைக்கிள்காரர்கள்.

எமது மாவட்டத்திலேயே ஒரு கசப்பான பாடம் இருக்கிறது. கிண்ணியா குறிஞ்சாக்கேணியில் பாலம் புதிதாகக் கட்டப்பட்டுக்கொண்டிருந்த காலத்தில், மக்கள் ஒரு மிதப்புப் படகில் கடந்தார்கள். 2021 நவம்பர் 23ஆம் திகதி காலை அது கவிழ்ந்தது. பள்ளிக்குப் போன பிள்ளைகள் உட்பட ஆறு பேரேனும் உயிரிழந்தனர். வேலை நடக்கும்போது வாகனம் வேறு வழியால் சுற்றிப் போகலாம். நடந்தும் சைக்கிளிலும் போகிறவர் எப்படிப் போவார் என்ற கேள்வியை முதல் நாளே கேட்டிருக்கவேண்டும். உங்கள் ஊரில் மதகோ பாலமோ வீதியோ உடைத்துக் கட்டப்படும்போது, வேலை தொடங்கும் முன்னர் இதைக் கேளுங்கள்.

2022இல் எரிபொருள் இல்லாமல் நாடே நின்றபோது, கந்தோர் உத்தியோகத்தரும் ஆசிரியரும் வைத்தியரும் சைக்கிளில் போனார்கள். சைக்கிள் விலை பல மடங்கு ஏறியது. சைக்கிளுக்குத் தனிப்பாதை வேண்டும் என்று கொழும்பிலும் பேசினார்கள். பெற்றோல் வந்தது, பேச்சு போனது. நாம் மட்டும் இன்னும் அதே ஓரத்தில் ஓடுகிறோம். பிரதேச சபைக்குச் சைக்கிள் வரி கட்டி, தகட்டு லைசன் அடித்து ஓடிய காலம் எமது மூத்தவர்களுக்கு நினைவிருக்கும். வரி வாங்கும்போது அது வாகனமாகத்தான் இருந்தது.

நடந்துவிட்டால்

எவ்வளவு கவனித்தாலும் நடக்கிறது. நடந்தால் 1990 என்ற இலக்கத்துக்கு அழையுங்கள். சுவசெரிய நோயாளர் வண்டி இலவசம். இடம்பெயர்ந்தவர்களுக்கு அந்த ஆண்டு மறக்காது, ஆகவே இலக்கமும் மறக்காது. அடிபட்டவரைக் கையிலும் காலிலும் பிடித்துத் தூக்கி ஓட்டோவுக்குள் மடித்துப் போடவேண்டாம். முதுகிலோ கழுத்திலோ அடி என்றால் அதுவே ஆளை முடமாக்கும்.

வாகன இலக்கத்தை உடனே குறித்துக்கொள்ளுங்கள். கடதாசி இல்லாவிட்டால் மணலில் என்றாலும் எழுதுங்கள். மோட்டார் வாகனம் ஒவ்வொன்றுக்கும் மூன்றாம் தரப்புக் காப்புறுதி சட்டப்படி கட்டாயம். அது இருப்பதே உங்களைப் போல மோதப்பட்டவருக்காக. அந்த இடத்திலேயே கையில் கொஞ்சக் காசு தந்து "பொலிசுக்குப் போகவேண்டாம், அண்ணை" என்று சொல்லும்போது, வலியிலும் பயத்திலும் பலர் சம்மதித்துவிடுகிறார்கள். முறைப்பாடு இல்லாமல் காப்புறுதியும் இல்லை, நட்டஈடும் இல்லை. கால் எலும்பு எத்தனை மாதத்தில் சேரும் என்பது அன்றைக்கு எவருக்கும் தெரியாது. மோதிவிட்டு நிற்காமல் ஓடிய, அடையாளம் தெரியாத வாகனமாக இருந்தாலும் வழி அடைபடவில்லை. அப்படிப் பாதிக்கப்பட்டவர்களுக்கு நட்டஈடு வழங்கும் ஏற்பாடு வீதிப் பாதுகாப்பு தொடர்பான தேசிய சபையிடம் உண்டு. அதற்கும் பொலிஸ் அறிக்கையும் வைத்திய அறிக்கையும் வேண்டும். இவற்றின் பிரதிகளை அடையாள அட்டையோடும் காணிப் பத்திரத்தோடும் சேர்த்துப் பத்திரப்படுத்துங்கள். முகாம் முகாமாகக் கடதாசி காத்த பழக்கம் இதற்கும் உதவும்.

சைக்கிளையும் மறக்கவேண்டாம். வளைந்த ரிம்மை அன்றிரவே நிமிர்த்தி, மறுநாள் வயலுக்குப் போய்விடுவது எம்மவர் வழக்கம். பொலிசார் பார்த்து எழுதும் வரை அதைத் திருத்தக் கொடுக்காதீர்கள். முன்சில்லில் அடியா பின்சில்லில் அடியா, பிரதிபலிப்பான் இருந்ததா இல்லையா என்பதெல்லாம் பின்னர் கேட்கப்படும். கைபேசி உள்ள யாரிடமாவது சொல்லி, கிடந்த இடத்திலேயே இரண்டு படம் எடுத்து வையுங்கள். தார் விளிம்பும் அதில் தெரியட்டும்.